கொடிக்கயிற்றில் ஒரு குடித்தனம்

சகோதரிகளே,

போன வாரம் ஆவக்காய் ஊறுகாய் விஷயத்தை எழுதி முடிக்கும்போது, "அடுத்த வாரம் கூழ் வத்தல் போடுவதைப் பற்றிச் சொல்கிறேன்" என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போய்விட்டது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வத்தல் காய வைக்க என் வீட்டில் இடமில்லை! துணி காய வைக்கவே இடமில்லாதபோது வத்தலுக்கு எங்கே போவேன்?

எங்கள் வீட்டுப் பால்கனியை ஆறு வாரத்துக்கு மேலாக ஒருத்தி தன் வசப்படுத்திக்கொண்டிருந்தாள். வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. கேட்க வாயெடுத்தால் "ட்சிட், ட்சிட்" என்று எதிர்த்துப் பேசுவாள். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் பத்து சென்டிமீட்டர்கூடத் தேற மாட்டாள். அவளுக்குப் பயந்து நாங்கள் நான்கு பேர் ஈரத் துணியைக் கூடத்து நாற்காலிகளிலும் கதவு மேலும் போட்டுக்கொண்டு காலம் தள்ளினோம். முந்தாநாள்தான் காலி செய்தாள்.

வந்தவள் ஒரு தேன்சிட்டு.

பறவை பார்ப்பது என்றால் வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும், குறைந்தது கிண்டிக்காவது போக வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாங்கள் இருப்பதோ விம்கோ நகர். தீப்பெட்டி செய்த வெஸ்டர்ன் இண்டியா மாட்ச் கம்பெனியின் பெயரைச் சுருக்கி ஊருக்கு வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி ரயில். இன்னொரு பக்கம் 2021-ல் வந்து சேர்ந்த மெட்ரோ ரயில். நடுவிலே ராப்பகலாகக் கன்டெய்னர் லாரிகள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். இந்த ஊருக்கு வசந்த காலம் வருமா, வந்தால் எந்த வழியாக வரும் என்று நான் யோசித்ததே இல்லை.

வசந்தம் எங்கள் வீட்டுக்குக் கொடிக்கயிறு வழியாக வந்தது.

* * *

முதலில் எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை என்றால் என் மாமியார்.

போன ஐப்பசியில் மாமா காலமானார். காலாடிப்பேட்டையில் ஓட்டு வீடு, பின்னால் ஒரு வேப்பமரம், கிணற்றடி, துவைக்கிற கல் என்று ஐம்பது வருஷம் ஆண்ட அத்தையை, "தனியாக இருக்க வேண்டாம்" என்று மூன்றாவது மாடிக்கு அழைத்து வந்துவிட்டோம். நாங்கள் செய்தது சரிதான். ஆனால் அத்தை எங்களோடு வந்தார்களே தவிர, எங்களோடு இல்லை. காலையில் பால்கனியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை அங்கேயேதான். "காபி குடிக்கிறீர்களா?" என்றால், "வை." "சாப்பிடலாமா?" என்றால், "அப்புறம்." எதைக் கேட்டாலும் ஒரே ஒரு வார்த்தைதான் பதில். வைத்த சாப்பாட்டில் பாதி அப்படியே திரும்பி வரும். என் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆயா, ஆயா என்று மேலே விழுந்து பேசுகிறவள். அவளும் பேசிப் பேசி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். "நாளானால் சரியாகிவிடும்" என்றார் என் வீட்டுக்காரர். நாளாகிக்கொண்டே இருந்தது. சரியாகவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு நாள், வழக்கமாக ஒரே வார்த்தை பேசுகிற அத்தை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள்: "ஏம்மா, அந்தக் கயித்துல இன்னிக்குத் துணி போடாதே."

ஒரே மூச்சில் அத்தனை வார்த்தைகள்! கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். கொடிக்கயிற்றின் ஓரத்தில், செம்பருத்தித் தொட்டிக்கு நேர் மேலே, நூலாம்படை போல ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. குப்பை என்று நினைத்துக் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வூடு கட்றா."

* * *

அவள் வீடு கட்டிய அழகை நாங்கள் பத்து நாள் பார்த்தோம். சகோதரிகளே, வீடு கட்டுவது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கொத்தனார் கிடையாது, சித்தாள் கிடையாது, மேஸ்திரி கிடையாது. அலகு ஒன்றுதான் கருவி. முதலில் சிலந்தி நூலைக் கொண்டுவந்து கயிற்றில் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். பிறகு மெல்லிய நார். அப்புறம் காய்ந்த பட்டைத் துணுக்கு, பறக்கும் விதை, பாசித் துணுக்கு என்று ஒவ்வொன்றாகப் பதித்தாள். ஒரு நாள் தபால் உறையின் ஓரத்தைக் கிழித்தது போல ஒரு காகிதத் துண்டு கூட வந்தது. கடைசியில் அது ஒரு சுருக்குப்பை மாதிரி தொங்கிற்று. பக்கவாட்டில் ஒரு வாசல். அதற்கு மேலே மழை வெயில் படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். உள்ளே மெத்தைக்கு எருக்கம்பஞ்சு.

அவளுடைய கணவனைப் பற்றிக் கேட்கிறீர்களா? அவர் பெரிய மனிதர். அரக்குச் சிவப்பில் முதுகு, மஞ்சள் வயிறு, வெயிலில் பச்சையாக மின்னும் உச்சந்தலை, பிட்டத்தில் ஊதா. அதனால்தான் பறவை நூல்கள் எழுதுகிறவர்கள் இந்த இனத்துக்கு 'ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இனத்தில் கூடு கட்டுவது பெண் மட்டுமே. ஆண் வருவார், பக்கத்துக் கம்பியில் உட்காருவார், மேற்பார்வை பார்ப்பார், பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவார். இதை நான் சாப்பாட்டு வேளையில் எடுத்துச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

ஆனால் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. தூக்கணாங்குருவி இனத்தில் வீடு கட்டுவது ஆண்தான். பாதிக் கூடு கட்டிவிட்டு, சிறகை அடித்து அழைப்பான். பெண் வந்து உள்ளே போய், இழுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, பிடித்தால்தான் இருப்பாள். பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவாள். அவன் இன்னொரு கூடு கட்ட வேண்டியதுதான். நாமெல்லாம் வீட்டைப் பார்க்காமலே வாழ்க்கைப்பட்டோம்!

ஒரு சங்கடம். சிலந்தி நூலுக்கு அவள் எங்கே போகிறாள் என்று பார்த்தால், எங்கள் பால்கனிக் கூரை மூலைக்குத்தான்! நான் இரண்டு வாரமாக அடிக்காமல் விட்ட ஒட்டடை. அன்று துடைப்பத்தைத் தூக்கினேன். "அத்த அப்டியே வுடு. அவ சாமான் அது" என்றார்கள் அத்தை. ஒட்டடை அடிக்காததற்கு மாமியாரே அனுமதி கொடுத்த மருமகள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

* * *

இப்போதுதான் சிக்கல் வந்தது.

எங்கள் குடியிருப்பில் புறாத் தொல்லை அதிகம். புறா எச்சத்தால் ஏ.ஸி. பெட்டி, ஜன்னல், தொட்டி எல்லாம் பாழ். ஆகையால் ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலும் வலை கட்டுகிறார்கள். நாங்களும் பொங்கலுக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம். "ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும்" என்று போன் வந்தது. கூடு முடிந்து, அவள் உள்ளே தங்க ஆரம்பித்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

"பாவம்தான். ஆனால் முட்டை இன்னும் வந்திருக்காது. இப்போது எடுத்துவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டிய பணம் திரும்பாது. அந்த ஆளை விட்டால் மறுபடி ஒரு மாதம் கழித்துத்தான் வருவான். என் பெண்ணுக்குப் புறா எச்சத்தால் தும்மல் வேறு. நான் இரண்டு பக்கமும் பேசாமல் சும்மா இருந்தேன். இந்தச் சாமர்த்தியம் நமக்கெல்லாம் கல்யாணமான முதல் வருஷமே வந்துவிடுகிறது.

அத்தை சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினார்கள். குரல் உயரவில்லை.

"என் வூட்ட வுட்டு என்ன எட்த்துட்டு வந்தீங்க. நா ஒண்ணும் சொல்லல. உங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. அவ யாரு? அவளுக்கு நல்லது கெட்டது சொல்ல நாம யாரு?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார். பிறகு பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வலைக்காரருக்குப் போன் செய்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

அத்தைக்கு உள்ளே அத்தனை இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு மாதமாகச் சோற்றைப் பார்த்தேன், மாத்திரையைப் பார்த்தேன், மனதைப் பார்க்கவில்லை.

* * *

அது முதல் அத்தை காவல்காரராகிவிட்டார்கள். கூட்டுக்குள் எட்டிப் பார்க்க என் பெண் துடித்தாள். செல்போனை நீட்டிப் படம் எடுக்கப் பார்த்தாள். அத்தை விடவில்லை. அது சரியான காரியம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டருகே அடிக்கடி போனால் தாய் கலைந்துபோய்க் கூட்டையே கைவிடக்கூடும். நாம் எட்டிப் பார்க்கிற இடத்தைக் காக்கையும் கவனித்து வைத்துக்கொள்ளும்.

பார்க்காமல் எப்படிக் கணக்கு வைப்பது? அத்தை தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, கொக்கியில் குத்தி வைத்தார்கள். அவள் ராத்திரியில் தங்க ஆரம்பித்தது முதல் ஒரு கட்டு. உணவு எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தது முதல் இன்னொரு கட்டு. இந்தச் சிட்டு இரண்டு முட்டை இடும். பதினான்கு முதல் பதினாறு நாளில் பொரிக்கும். அதற்குப் பிறகு பதினேழு நாள் அளவில் குஞ்சு பறந்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அத்தையின் முதல் கட்டில் பதினைந்து தாள்!

பெயர்தான் தேன்சிட்டு. குஞ்சுகளுக்கு ஊட்டுவதோ பெரும்பாலும் புழு பூச்சியும் சிலந்தியும்தான். வளர்கிற பிள்ளைக்குச் சத்து வேண்டும் அல்லவா? இது தெரிந்த பிறகு, செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு அடித்துக்கொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டேன். சிட்டுக்குருவி குறைந்ததற்கும் இது ஒரு காரணம் என்கிறார்கள். ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்ததில் கூடு வைக்கச் சந்து பொந்து இல்லை. தானிய மூட்டையைத் திறந்து வைத்து விற்ற கடைகள் குறைந்தன. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் இல்லை. 2018-ல் வந்த '2.0' படத்தைப் பார்த்தவர்கள் செல்போன் கோபுரத்தின் மேல் பழி போடுவார்கள். அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று சொல்கிறது. ஆகையால் நம்மாலும் செய்ய முடிந்தது இருக்கிறது. சென்னையில் 'கூடுகள்' என்ற அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே மரப்பெட்டிக் கூடுகள் செய்வித்து வருகிறது. நீங்களே செய்வதானால் வாசல் துவாரம் 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். சிட்டு நுழையும்; மைனா நுழையாது.

* * *

அத்தையை வீட்டை விட்டு வெளியே அழைத்துப் போனதும் இந்தச் சிட்டுதான். "ஆயா, பார்க்குல இதே குருவி இருக்குதான்னு பாத்துட்டு வரலாமா?" என்று என் பெண் கேட்டாள். நான் நூறு முறை கூப்பிட்டும் வராதவர்கள், செருப்பைத் தேடினார்கள்.

எங்கள் பக்கத்து மாநகராட்சிப் பூங்கா ஒன்றும் பெரிதில்லை. நான்கு புங்கமரம், இரண்டு வேம்பு, ஒரு தூங்குமூஞ்சி, ஊஞ்சல், சிமெண்டு பெஞ்சு, நடைபாதை. அவ்வளவுதான். காலை ஆறரை மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தைக்கு ஒரு கண்ணில் புரை. தூரத்தில் இருப்பது தெரியாது. ஆனால் காது இருக்கிறதே, அப்பப்பா! "அது கரிச்சான். அது கொண்டக்குருவி. இந்த டொக்-டொக் இருக்குதே, பாத்திரத்துக்கு ஈயம் பூசறவன் தட்றாப்புல, அது குக்குறுவான்." என் பெண்ணுக்குக் கண் கூர்மை, பெயர் ஒன்றும் தெரியாது. பாட்டி கேட்டுச் சொல்ல, பேத்தி தேடிக் கண்டுபிடிக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முழுப் பறவைக்காரராகிவிட்டார்கள். ஈயம் பூசுகிறவனை என் பெண் பார்த்ததே இல்லை. அதையும் ஆயா விளக்க வேண்டியிருந்தது.

வேப்பமரத்திலிருந்து குயில் கூவிற்று. "எவ்வளவு அழகாகப் பாடுகிறாள்!" என்றேன் நான்.

"பாட்றவ இல்ல, பாட்றவன்" என்றார்கள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடகிகளுக்கெல்லாம் குயில் என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோமே! உண்மைதான். கூவுவது ஆண், கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்டுக்கொண்டு, "கிக்-கிக்-கிக்" என்று கத்தும். பங்குனி பிறந்தால் ஆணுக்குக் கூவி முடியாது. ஏனென்றால் அதுதான் காக்கை கூடு கட்டத் தொடங்கும் காலம். காக்கைக் கூட்டில் பெண்குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சை முந்திக்கொண்டு பொரித்து, முதல் ஊட்டையும் வாங்கிக்கொள்ளும். நம் ஊர்க் காக்கை கட்டும் கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சுள்ளியோடு சுள்ளியாகக் கம்பித் துண்டுகளையும் வைத்துக் கட்டும். தொழிற்சாலை வட்டாரத்துக் காக்கை அல்லவா!

பறவைகளைக் கணக்கெடுப்பது ஒரு பெரிய வித்தை என்று நினைக்காதீர்கள். பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் இருந்து, கண்ட பறவை, கேட்ட பறவை, அவை எத்தனை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க வீட்டுப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1998-ல் வட அமெரிக்காவில் தொடங்கியது, 2013-ல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. 'இ-பேர்ட்' என்ற செல்போன் ஏட்டில் பதிந்தால், விம்கோ நகர்க் காக்கையும் உலகக் கணக்கில் ஏறிவிடும். எங்கள் முதல் நாள் கணக்கு பன்னிரண்டு வகை. "இவ்ளோதானா?" என்றார்கள் அத்தை. மறுநாளும் செருப்பைத் தேடினார்கள்.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று தள்ளாதீர்கள். பீகாரில் ஜமால் ஆரா என்று ஒரு பெண்மணி இருந்தார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. காடு காடாகச் சுற்றிப் பறவைகளைக் குறித்து வைத்து, 1970-ல் நேஷனல் புக் டிரஸ்ட்டுக்காகப் பறவை பார்ப்பதைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகமே எழுதினார். நம் சென்னையிலேயே மா. கிருஷ்ணன் இருந்தார், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் அவர் காலமாகும் வரை, 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் காட்டையும் வீட்டையும் சுற்றியுள்ள உயிர்களைப் பற்றி விடாமல் பத்தி எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! வாராவாரம் எதை எழுதுவது என்று தலையைச் சொறிந்துகொள்ளும் எனக்கு, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போனோம். மாமா இருந்தபோது அங்கேதான் அத்தையைக் காற்று வாங்க அழைத்துப் போவாராம். குளிர்காலத்துக்கு வந்த கடற்காகங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அவை லடாக்குக்கும் திபெத்துக்கும் போய் அங்கே ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும். தண்ணீரில் நான்கைந்து கூழைக்கடாக்கள் மட்டும் கப்பல் போல மிதந்தன.

2023 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இந்தக் கழிமுகத்துக்கு வந்தது. மீனவர் வலையும் படகும் கறுத்தன. வெள்ளைக் கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, பார்க்கச் சகிக்காமல் நின்றன. எண்ணெய் பட்டால் இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே புகும். பறக்கவும் முடியாது, மிதக்கவும் முடியாது. கோதிச் சுத்தம் செய்யப் போனால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அப்போது தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிச் சமையலைப் பார்க்கப் போனவள்தான் நானும். ஒரு சிட்டுக்குக் கொடிக்கயிற்றைக் கொடுத்த பிறகு பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

அத்தை வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பற்றிப் பேசினார்கள். கம்பெனிச் சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவாராம். ஓடுகிற ஓட்டத்திலும் வேப்பமரத்துக் கிளிகளுக்கு ஒரு கொய்யாவை வைத்துவிட்டுத்தான் போவாராம். மாமா போன பிறகு அவரைப் பற்றி அத்தை பேசியது அதுவே முதல் தடவை.

* * *

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள் காலையில் முதல் குஞ்சு வெளியே வந்தது. வாசலில் உட்கார்ந்து பயந்து பார்த்தது. எதிர்க் கம்பியிலிருந்து தாய் கூப்பிட்டாள். ஒரே தாவல், செம்பருத்தி, அங்கிருந்து பக்கத்து வீட்டு முருங்கை, அப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது குஞ்சு நடுப்பகலில் கீழே விழுந்துவிட்டது. தரையில் சூடு. மாடிக் கட்டையில் இரண்டு காக்கை. நான் கையில் எடுக்கத் தயங்கினேன். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்களே! அது வீண் பயம். பெரும்பாலான பறவைகள் வாசனையை வைத்துப் பிள்ளையைத் தள்ளுவதில்லை. அத்தை ஒரு கொட்டாங்குச்சியில் பஞ்சை வைத்து, குஞ்சை அதில் உட்கார வைத்து, கூட்டுக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே காத்திருந்தோம். அரை மணி ஆயிற்று. வந்தது யார் தெரியுமா? மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பெரிய மனிதர்! அலகு நிறையப் பூச்சி. சாயங்காலம் வரை அவரும் அவளும் மாறி மாறி ஊட்டினார்கள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கொட்டாங்குச்சி காலி. பறந்ததா, காக்கை கொண்டு போயிற்றா? என் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "பறந்துபோயிருக்கும்" என்று நான் சமாதானம் சொன்னேன்.

அத்தை பொய் சொல்லவில்லை. "தெரியாதும்மா. நாம செய்யறத செஞ்சோம்" என்றார்கள். பிறகு, காலண்டர்த் தாள் கட்டுகள் இரண்டையும் எடுத்து மாமா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார்கள்.

* * *

உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். அதற்காகச் சில வார்த்தைகள்.

கோடையில் அகலமான மண் சட்டியில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் வையுங்கள். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவியும் நின்று குடிக்கும். தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசுதான் குடியிருக்கும்.

கீழே கிடக்கும் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால், அது பறக்கப் பழகுகிற பிள்ளை. பூனைக்கும் காக்கைக்கும் எட்டாமல் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து பாலும் சோறும் ஊட்டாதீர்கள்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் காற்றாடி விடுவார்கள். விடட்டும்; மாஞ்சா நூல் மட்டும் வேண்டாம். பறவைக் கழுத்தும் மனிதக் கழுத்தும் அதற்கு ஒன்றுதான்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி வேண்டுமானால் மாமா செய்தது போல ஒரு கொய்யாவை வையுங்கள்; அதுவே வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள்.

இப்போது கயிறு காலி. ஆனாலும் துணி போடவில்லை. இந்தச் சிட்டு சில சமயம் பழைய கூட்டுக்கே திரும்பி வந்து மறுபடி முட்டையிடும் என்று நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்! அத்தை நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வலைக்காரருக்கு என் வீட்டுக்காரர் இன்னும் போன் செய்யவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

உங்கள் வீட்டு ஜன்னலில், மாடியில், மோட்டார் ரூமில் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கூழ் வத்தலா? பக்கத்து வீட்டு அக்கா அவர்கள் மொட்டை மாடியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் நிச்சயம்!